டபுள்ஸ் ஆட்டத்தையே தொழிலாக எடுக்க நினைக்கும் இளைஞர்களுக்கு

“சிங்கிள்ஸ் சரியா வரலைன்னா டபுள்ஸ் ஆடிக்கோ” என்று சொல்லும் வழக்கம் நம் ஊர் பேட்மிண்டன் கோர்ட்டுகளை விட்டு இன்னும் போகவில்லை. சொல்பவர்கள் 2022 மே மாதம் பாங்காக்கில் நடந்த, ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையின் இறுதிப் போட்டியை ஒருமுறை பார்க்கலாம். இந்தோனேசியாவை இந்தியா 3-0 என்று வீழ்த்தி முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அதில் இரண்டாவது வெற்றி டபுள்ஸில் வந்தது. சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் சிராக் ஷெட்டியும் முதல் கேமை இழந்து, இரண்டாவது கேமில், இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டமே முடிந்தது என்ற மேட்ச் பாயிண்டுகளைத் தாண்டி வந்து, மூன்றாவதை 21-19 என்று பறித்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கும் போனார்கள். டபுள்ஸ் ஆறுதல் பரிசு இல்லை. அதற்கென்று தனியாகப் பாதை உண்டு, செலவு உண்டு, ஆபத்தும் உண்டு.

14 முதல் 20 வயதுக்குள் இருந்துகொண்டு “இதுதான் என் வேலை” என்று நினைக்கும் பிள்ளைகளுக்கும், பின்னால் பணம் கட்டப்போகும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சிங்கிள்ஸில் தரவரிசையும் புள்ளியும் பரிசுப் பணமும் உங்கள் பெயரில் இருக்கும். டபுள்ஸில் எல்லாமே ஜோடியின் பெயரில். கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

முதல் படி: எப்போது மாறுவது

15, 16 வயது வரை இரண்டையும் ஆடுங்கள். கால் வேலையும் மூச்சும் பொறுமையும் சிங்கிள்ஸ் ஆடினால்தான் வரும். பன்னிரண்டு வயதிலேயே டபுள்ஸ் மட்டும் ஆடும் பிள்ளை பாதிக் கோர்ட்டுக்குத்தான் பழகுகிறது.

யாருக்கு டபுள்ஸ் பொருந்தும்? நெட்டை ஒட்டித் தட்டையாக வேகமாக வரும் டிரைவை உடம்புக்கு முன்னால் மடக்கித் தட்டும் கை இருக்கிறதா, நெட்டில் நிற்கும்போது பயமில்லாமல் ராக்கெட்டை உயர்த்தியே வைத்திருக்கிறீர்களா, பார்ட்னர் தப்பாக அடித்த அடுத்த நொடி உங்கள் முகம் எப்படி இருக்கிறது. இந்த மூன்றையும் பாருங்கள். உயரத்தைப் பார்க்காதீர்கள். இந்தோனேசியாவின் கெவின் சுகமுல்ஜோவும் மார்கஸ் கிடியோனும் இருவருமே குள்ளம்தான். 2017 முதல் பல ஆண்டுகள் உலக முதலிடம் அவர்களிடம்தான் இருந்தது.

இரண்டாவது படி: காகித வேலை

மாவட்ட சங்கம், தமிழ்நாடு பேட்மிண்டன் சங்கம், இந்திய பேட்மிண்டன் சங்கம் என்ற வரிசையில்தான் போக வேண்டும். பதிவு செய்து இந்திய சங்கத்தின் அடையாள எண் வாங்கினால்தான் மாநில, தேசியத் தரவரிசைப் போட்டிகளில் ஆட முடியும். 13, 15, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள் உண்டு. பிறப்புச் சான்றிதழ் சரியாக இருக்கட்டும். வயது விஷயத்தில் “சும்மா ஒரு வருஷம்தானே” என்று யாராவது ஆலோசனை சொன்னால் அந்த ஆளிடமிருந்தே விலகிவிடுங்கள்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கென்று ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து இன்னொரு மாதிரி. வெளிநாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதும் விசா வாங்கும்போதும், பின்னால் வேலைக்குச் சான்றிதழ் காட்டும்போதும் இது இடிக்கும். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையே முதல் நாளிலிருந்து எல்லா இடத்திலும் கொடுங்கள்.

வெளிநாட்டுப் போட்டிகளுக்கு நீங்களாகப் பெயர் கொடுக்க முடியாது. சொந்தக் காசில் போனாலும் சரி, இந்திய சங்கம் வழியாகத்தான் பெயர் போக வேண்டும். ஜோடியில் இருவர் பெயரும் ஒன்றாகப் போக வேண்டும் என்பதால் ஒருவர் சோம்பேறித்தனம் இருவரையும் கெடுக்கும். கடைசித் தேதியைக் குறித்துவைக்கும் வேலையை இருவரில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: பார்ட்னர்

இதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஒரே அகாடமி, ஒரே வயது, நல்ல சிநேகிதம் என்பதற்காக ஜோடி போடுகிறார்கள்.

சாத்விக் ஆந்திராவின் அமலாபுரத்துப் பையன், சிராக் மும்பைக்காரர். அவர்களைச் சேர்த்துவைத்தது மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர். இருவருமே பின்னால் நின்று ஸ்மாஷ் அடிப்பவர்கள். இரண்டு பேரும் பின்னாலேயே நின்றால் முன்னால் யார்? சிராக் முன்கோர்ட் வேலையைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டார். 2019 தாய்லாந்து ஓப்பனில் அப்போதைய உலக சாம்பியன்களான சீன ஜோடியை இறுதியில் வீழ்த்திப் பட்டம் வாங்க அவர்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. பார்ட்னரைத் தேடும்போது “இவன் என்ன ஆடுகிறான்” என்பதை விட “இவன் எதை மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பான்” என்று பாருங்கள்.

பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. தோற்ற பிறகு அவர் எப்படிப் பேசுகிறார்? பஸ் ஏறும் வரை வாயே திறக்காதவர், எல்லாரிடமும் உங்களைக் குறை சொல்பவர் என்று இரண்டு வகை உண்டு. முதல் வகையோடு காலம் தள்ளலாம், இரண்டாம் வகையோடு முடியாது. இருவரும் ஒரே ஊரில் பயிற்சி எடுக்க முடியுமா? வாரத்தில் நான்கு நாளாவது ஒன்றாக ஆடாத ஜோடி, போட்டிக்கு முதல் நாள் மட்டும் சந்திக்கும் ஜோடி, தேசிய அளவைத் தாண்டாது.

யாரும் வெளியே பேசாத ஒன்று வீட்டு வசதி. ஒரு வீட்டில் ஐரோப்பியப் பயணத்துக்குப் பணம் புரட்ட முடியும், இன்னொரு வீட்டில் கொழும்புக்கே கஷ்டம் என்றால் ஆறு மாதத்தில் ஜோடி உடையும். ஆட்டத்தில் எந்தக் குறையும் இருக்காது, ஆனாலும் உடையும். இரண்டு வீட்டுப் பெற்றோரும் ஆரம்பத்திலேயே உட்கார்ந்து, வருடத்துக்கு எத்தனை வெளிநாட்டுப் போட்டி, யார் எவ்வளவு போட முடியும், ஸ்பான்ஸர் பணம் ஒருவருக்கு மட்டும் வந்தால் என்ன செய்வது என்று பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கசப்பாக இருக்கும். பின்னால் வரும் சண்டைக்கு இந்தக் கசப்பு எவ்வளவோ மேல்.

பொறுத்து நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு மலேசியாவின் தீனா முரளிதரனைப் பாருங்கள். கிள்ளானில் பிறந்த தமிழ்ப் பெண். பியர்லி டானோடு சேர்ந்து 2022 காமன்வெல்த் தங்கம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 2025 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. பாரிஸில் வெண்கலப் போட்டியில் தோற்ற ஜோடி அடுத்த ஆண்டு உலக இறுதிப் போட்டிவரை வந்தது.

அதற்காகப் பிரியவே கூடாது என்று சட்டமில்லை. இந்தோனேசியாவின் ஹென்ட்ரா செத்தியவான் மார்கிஸ் கிடோவோடு 2008-இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பிறகு முகமது அஹ்சானோடு சேர்ந்து மூன்று உலகப் பட்டங்கள். 40 வயதில், 2025 ஜனவரியில்தான் ஓய்வு பெற்றார். கொரியாவின் சியோ சியுங்-ஜேயும் கிம் வோன்-ஹோவும் 2025 தொடக்கத்தில் சேர்ந்தார்கள், அதே ஆண்டில் உலக சாம்பியனாகி முதலிடத்துக்கும் வந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் இருவரும் ஏற்கெனவே உச்சத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் என்பதை மறக்கக் கூடாது. உங்களுக்கும் எனக்கும் பொருந்தும் கணக்கு வேறு: புதுப் பார்ட்னரோடு தரவரிசையில் மறுபடி அடிமட்டத்திலிருந்து ஏற வேண்டும். பிரிவதென்றால் சீசன் முடிவில் பிரியுங்கள். பார்ட்னரிடம் நேரில் சொல்லிவிட்டு அப்புறம் கோச்சிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள், இந்த உலகம் சின்னது, அதே ஆளோடு இன்னொரு அணிப் போட்டியில் சேர்ந்து ஆட வேண்டி வரும்.

நான்காவது படி: முதல் மூன்று ஷாட்

பயிற்சி என்றாலே நம் பிள்ளைகள் ஸ்மாஷ் அடிக்கிறார்கள். சாத்விக்கின் ஸ்மாஷ் 2023-இல் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் ஏறியதிலிருந்து இன்னும் அதிகம். ஆனால் டபுள்ஸில் பெரும்பாலான புள்ளிகளின் திசை சர்வீஸ், ரிசீவ், மூன்றாவது ஷாட் ஆகியவற்றுக்குள் முடிவாகிவிடுகிறது.

காரணம் கோர்ட்டின் கணக்கில் இருக்கிறது. டபுள்ஸ் கோர்ட்டின் அகலம் 6.1 மீட்டர், சிங்கிள்ஸை விட அதிகம். ஆனால் சர்வீஸ் விழ வேண்டிய பின்கோடு, கடைசிக் கோட்டிலிருந்து 76 செ.மீ. உள்ளே இருக்கிறது. தூக்கிப் போடும் சர்வீஸுக்கு இடம் குறைவு. அதனால் எதிராளி முன்கோட்டை ஒட்டியே ராக்கெட்டைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். உங்கள் சர்வீஸ் நெட்டுக்கு மேல் கொஞ்சம் மிதந்தாலும் அடித்து நொறுக்கிவிடுவார்.

பேக்ஹேண்ட் சர்வீஸை இப்படிப் பழகுங்கள். ஷட்டிலின் இறகு நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் லேசாகப் பிடியுங்கள். அடிக்கும் நொடியில் முழு ஷட்டிலும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். சுவரில் அந்த உயரத்தில் ஒரு டேப் ஒட்டிவைத்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கிரிப்பை இறுக்காமல், கட்டைவிரலால் தள்ளுவதுபோல் அடியுங்கள். ஷட்டில் தன் உச்சத்தை உங்கள் பக்கத்திலேயே தொட்டுவிட்டு, நெட்டைத் தாண்டும்போது இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். நெட் டேப்புக்கு மேலே ஒரு சாண் விட்டுக் கயிறு கட்டி, அந்த இடைவெளியில் தினம் நூறு, இருநூறு என்று போடுங்கள். சுழற்றிவிடும் ஸ்பின் சர்வீஸுக்குத் தடை இருக்கிறது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். சர்வீஸ் போட்ட கையோடு ராக்கெட் மேலே வர வேண்டும். போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களை மாநிலப் போட்டிகளில்கூட நிறையப் பார்க்கலாம்.

சர்வீஸ் போடுபவர் முதுகுக்குப் பின்னால் விரலால் பார்ட்னருக்குக் காட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். நடுக்கோட்டுக்குப் போடப்போகிறேனா, ஓரத்துக்கா, சட்டென்று தலைக்கு மேல் தூக்கிப் போடும் ஃபிளிக்கா என்பதற்கான குறி அது. மூன்றாவது ஷாட் பெரும்பாலும் பின்னால் நிற்பவருடையது. எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அரை அடி முன்னால் கிளம்பலாம். உங்கள் ஜோடிக்கென்று ஒரு குறிமுறை வைத்துக்கொள்ளுங்கள்.

தற்காப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது நடுவில் வரும் ஸ்மாஷ் யாருடையது? இந்தக் கேள்விக்கு இருவரும் தனித்தனியாகப் பதில் சொல்லிப் பாருங்கள். பதில் வேறு வேறாக இருந்தால் அன்று முழுக்க அதை மட்டும் பயிற்சி செய்யுங்கள். அடிப்பவருக்கு நேராக இருப்பவர் ஓரக்கோட்டையும் காக்க வேண்டும் என்பதால், குறுக்கே இருப்பவர் நடுவை எடுப்பது நல்லது என்பது பல கோச்சுகளின் வழக்கம். எதை வைத்துக்கொண்டாலும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி: போட்டி ஏணி

தேசிய அளவில் காலிறுதி, அரையிறுதி என்று வர ஆரம்பித்த பிறகு வெளிநாடு போங்கள். அதற்கு முன்னால் போவது சுற்றுலா.

ஏணியின் அடியில் ஃபியூச்சர் சீரீஸ், இன்டர்நேஷனல் சீரீஸ், இன்டர்நேஷனல் சேலஞ்ச். அவற்றுக்கு மேல் சூப்பர் 100, 300, 500, 750, 1000. பட்டம் வென்றால் கிடைக்கும் புள்ளிகள்: ஃபியூச்சர் சீரீஸில் 1700, இன்டர்நேஷனல் சீரீஸில் 2500, சேலஞ்சில் 4000, சூப்பர் 100-இல் 5500, சூப்பர் 300-இல் 7000, சூப்பர் 1000-இல் 12,000. கடந்த 52 வாரங்களில் ஜோடியாக ஆடியதில் சிறந்த 10 போட்டிகளின் கூட்டுத்தொகைதான் தரவரிசை. ஆகவே பத்துப் போட்டி ஆடி முடிக்கும்வரை உங்கள் நிலை முழுசாகத் தெரியாது. மூன்று போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றவுடன் பார்ட்னரை மாற்றும் அவசரம் வேண்டாம்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இலங்கையிலும் மாலத்தீவிலும் நடக்கும் போட்டிகள் டிக்கெட் செலவு குறைந்தவை. உள்ளூரில் குவாஹாட்டி, கட்டக் சூப்பர் 100 போட்டிகள், லக்னோவின் சையது மோடி சூப்பர் 300 ஆகியவற்றை விடாதீர்கள். விசா இல்லை, சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை, இந்திய ஜோடிகளுக்கு வாய்ப்பும் அதிகம்.

யாராவது விலகினால் உள்ளே எடுக்கப்படும் ரிசர்வ் பட்டியலில் பெயர் இருந்தால் அசட்டையாக இருக்க வேண்டாம். 2022 ஆல் இங்கிலாந்து போட்டியில் நம் நாட்டு திரீசா ஜாலியும் காயத்ரி கோபிசந்தும் ரிசர்விலிருந்து உள்ளே வந்தவர்கள்தான், அரையிறுதிவரை போனார்கள். மாறாக, கடைசித் தேதிக்குப் பிறகு விலகினால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

மேலே போகப் போக விதிகளும் மாறும். முதல் 10 இடங்களுக்குள் இருக்கும் ஜோடிகள் பெரிய போட்டிகளில் கட்டாயம் ஆட வேண்டும். ஒலிம்பிக்கில் டபுள்ஸுக்கு அடிப்படையில் 16 ஜோடிகள்தான். ஒரு நாட்டிலிருந்து இரண்டு ஜோடிகள் போக வேண்டுமென்றால் இரண்டுமே முதல் எட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே முதல் சுற்று குரூப் முறையில் நடக்கும். டோக்கியோவில் சாத்விக்-சிராக் ஜோடி மூன்றில் இரண்டு ஆட்டங்களை வென்றது. அந்த இரண்டில் ஒன்று, பின்னால் தங்கம் வென்ற தைவான் ஜோடிக்கு எதிரானது. இருந்தும் கேம் கணக்கில் பின்தங்கி வெளியேறினார்கள்.

ஆறாவது படி: பணம்

2023 இந்தோனேசிய ஓப்பனில் மொத்தப் பரிசு 12.5 லட்சம் டாலர். சிங்கிள்ஸ் சாம்பியனுக்கு 87,500 டாலர். டபுள்ஸ் சாம்பியனான நம் ஜோடிக்கு 92,500 டாலர். கேட்க அதிகம்போல இருக்கும். இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 46,250. உலகின் உச்சப் போட்டியில் பட்டம் வென்றாலே இப்படி. கீழ்மட்டப் போட்டிகளில் பட்டம் வென்றாலும் பல நேரம் டிக்கெட் செலவுக்குக் கட்டாது. அதிலும் போட்டி நடக்கும் நாட்டில் வரி பிடிப்பார்கள். அந்தச் சான்றைக் கேட்டு வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள்.

செலவு எங்கே போகிறது என்று பெற்றோருக்குச் சொல்லிவிடுகிறேன். இறகு ஷட்டில்தான் முதல் எதிரி. ஒரு டியூபில் 12. நல்ல டபுள்ஸ் பயிற்சி ஒன்றில் அது கண்ணெதிரே கரையும். 2025-இல் உலகம் முழுக்க இறகுத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியதை அகாடமி நடத்துபவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக வாங்குங்கள். நைந்த ஷட்டிலை, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு அடிக்கும் மல்டி ஷட்டில் பயிற்சிக்கு ஒதுக்குங்கள், சர்வீஸ் பயிற்சிக்கு மட்டும் நல்லதை எடுங்கள். அடுத்து ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் செலவு. வெளியூருக்குக் குறைந்தது நான்கு ராக்கெட், நரம்பு எல்லாவற்றிலும் ஒரே இறுக்கத்தில்.

வருமானத்துக்கு நம் நாட்டில் நிலையான வழி வேலைதான். ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், வருமான வரித்துறை, ராணுவம் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் எலைட், மிம்ஸ், சாம்பியன்ஸ் டெவலப்மென்ட் என்று உதவித் திட்டங்கள் இருக்கின்றன. அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு போட்டியிலும் சான்றிதழை அன்றே வாங்குங்கள். அதில் பிரிவும் இடமும் இருவர் பெயரும் சரியா என்று கவுண்டரிலேயே நின்று படியுங்கள். நான்கு வருடம் கழித்துத் திருத்தம் கேட்டு அலைவது இருக்கிறதே, அதற்கு மூன்று கேம் மேட்ச் தேவலை.

உபகரண நிறுவனங்கள் முதலில் ராக்கெட்டும் நரம்பும்தான் கொடுக்கும், பணம் பின்னால்தான் வரும். இருவரும் வேறு வேறு கம்பெனியில் கையெழுத்திடலாம், தவறில்லை; ஆனால் எத்தனை வருடம் கட்டுப்படுகிறீர்கள் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இன்னொரு யோசனை: ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் மிக்ஸ்டு டபுள்ஸும் ஆடுங்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு பிரிவு. சியோ சியுங்-ஜே 2023 உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் டபுள்ஸ், மிக்ஸ்டு இரண்டிலும் பட்டம் வாங்கினார். உடம்பு தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது படி: உடம்பும் விதிகளும்

முழங்கால், கணுக்கால், தோள், இடுப்பு. இவை எல்லா ஆட்டக்காரருக்கும் உள்ளவை. டபுள்ஸில் கூடுதலாகக் கண். நெட்டில் நிற்கும்போது பார்ட்னரின் ஸ்மாஷே பின்னந்தலையில் படும், ஏன் என்று திரும்பிப் பார்த்தால் அடுத்தது கண்ணில் படும். முன்னால் நிற்பவர் ஒருபோதும் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. விளையாட்டுக் கண்ணாடி போட்டுப் பழகினால் இன்னும் நல்லது, கேலி செய்பவர்கள் செய்யட்டும்.

ஒருவருக்குக் காயம் என்றால் ஜோடியின் புள்ளியும் வாரா வாரம் கரையும். அப்போது நன்றாக இருப்பவர் வேறொருவரோடு தற்காலிகமாக ஆடலாமா? ஆடலாம், ஆனால் காயம்பட்டவரிடம் கேட்டுவிட்டு. ஜோடிகள் மனத்தாங்கலோடு பிரிவது பெரும்பாலும் இங்கேதான்.

மருந்து விஷயத்தில் கவனம். இருமல் டானிக், லேகியம், ஜிம்மில் கொடுக்கும் பவுடர் எதுவானாலும் மருத்துவரிடம் தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலைக் காட்டிக் கேட்காமல் தொடாதீர்கள். பிடிபட்டால் நீங்கள் மட்டுமல்ல, பார்ட்னரின் பதக்கமும் போகும். சூதாட்டக்காரர்கள் சின்னப் போட்டிகளில்தான் அதிகம் வலை விரிப்பார்கள், ஏனென்றால் அங்கேதான் பணமில்லாத ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். 2021 ஜனவரியில் உலக பேட்மிண்டன் சம்மேளனம் எட்டு இந்தோனேசிய ஆட்டக்காரர்களைத் தண்டித்தது, சிலருக்கு ஆயுள் தடை. யாராவது அணுகினால் அதே நாளில் புகார் கொடுங்கள். சொல்லாமல் மறைப்பதும் விதிப்படி குற்றம்தான்.

படிப்பை விட வேண்டாம். தொலைதூரக் கல்வியிலாவது ஒரு பட்டம் வாங்கிவிடுங்கள், பல வேலைகளுக்கு அது வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு கோச் ஆக நினைத்தால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ இருக்கிறது. டபுள்ஸ் மட்டும் தனியாகச் சொல்லித்தரும் கோச்சுகள் தமிழ்நாட்டில் இன்னும் கொஞ்சம் பேர்தான்.